லூசியம்மாளிடம் இருக்கும் விழித்திரை

கம்பனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை போன கிழமை கொழும்பிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். "மிஸ், இனி உங்கட வேலையை மெஷின் செய்யுது. நீங்கள் செய்த காலத்து அனுபவத்தை ரெண்டு பக்கத்தில எழுதித் தாறீங்களோ? எங்கட மலருக்குப் போடலாம்" என்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அனுப்பிய ஆளிடமே கட்டுரையும் கேட்கிறார்கள். "ஏலாது" என்று வைத்துவிட்டேன். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது யோசித்தேன். மெஷினுக்கு எல்லாச் சொல்லும் தெரிந்திருக்கலாம். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் எங்கள் நாரந்தனையில் ஒரு விழித்திரை எப்படிக் காணாமற்போனது என்பது அதற்குத் தெரியாது. அதை எழுத என்னை விட்டால் ஆளில்லை. இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. அது அவர்கள் பாடு.

என் வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. கண்ணின் உறுப்புகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர்களை ஸ்பானிய மொழிக்கு மாற்றுவது, அவ்வளவுதான். அந்தக் கம்பனி பிளாஸ்டிக்கில் மனித உறுப்புகள் செய்து பாடசாலைகளுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஏற்றுமதி செய்தது. காது ஒருவரிடம், இருதயம் ஒருவரிடம், கண் என்னிடம். தென்னமெரிக்காவில் எங்கோ ஒரு மாணவன் அந்தக் கண்ணைக் கழற்றிப் படிப்பான். அதில் ஒட்டிய சிட்டையை நாரந்தனையில் கோழிக்குத் தவிடு குழைத்துவிட்டு வந்த ஒருத்தி எழுதினாள் என்று அவனுக்குத் தெரியப்போவதில்லை. பதினாறு வருடம் இப்படிப் போனது.

ஸ்பானிய மொழி வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்தேன். ஸ்பெயினுக்கு அனுப்பினார்கள். அங்கே மடத்துக்குச் சொந்தமான கண் ஆஸ்பத்திரியின் குசினியில் ஒன்பது வருடம் சூப் காய்ச்சினேன். ஒவ்வொரு நோயாளியின் சாப்பாட்டுத் தட்டிலும் அவருக்கு என்ன வருத்தம் என்று எழுதிய துண்டு இருக்கும். கண்ணில் என்னென்ன உண்டு, எது எப்படிக் கெடும் என்பதையெல்லாம் நான் படித்தது அந்தத் துண்டுகளில்தான். கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் தலைமைத் தாயாரோடு ஒரு வாக்குவாதம். சோற்றை இப்படிக் கஞ்சியாக்கி நோயாளிக்குக் கொடுப்பது பாவம் என்று சொன்னேன். அவர் கீழ்ப்படிதலைப் பற்றிச் சொன்னார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். முக்காட்டைக் கழற்றிவிட்டு, வாயில் ஸ்பானிய மொழியோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன். கோபத்துக்கும் மடத்துக்கும் ஒத்துவராது.

கம்பனியில் எனக்கு மேலே இருந்தவர் நடராசா சேர். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர், ஆகையால் வாயைத் திறந்தால் அச்சடித்த தமிழ்தான் வரும். ஒவ்வொரு காலையும் சரியாக ஒன்பது பத்துக்கு எடுப்பார். "காலை வணக்கம் மிஸ் பிலோமினா. நேற்றைய பட்டியலில் மூன்று ஆட்சேபணைகள் உள்ளன" என்று தொடங்குவார். நல்லது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவரிடமிருந்து கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பாராட்டு "ஆட்சேபணையில்லை" என்பதுதான்.

இதில் ஒரு விசித்திரம், நடராசா சேருக்கு ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அவர் எழுத்தை எண்ணுவார். சிட்டையில் பன்னிரண்டு எழுத்துத்தான் கொள்ளும், அதற்கு மேல் போனால் கண்ணிலிருந்து உரிந்து விழும். வெள்ளைவிழிக்கு ஆங்கிலத்தில் ஆறெழுத்து, ஸ்பானிய மொழியில் பதினொன்று. அது அவருக்கு மனவருத்தம். பார்வை நரம்புக்கு இரண்டு சொல், பன்னிரண்டு எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. இடைவெளியை எழுத்தாகக் கணக்கெடுப்பதா இல்லையா என்று இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எடுத்து, "நரம்பைச் சற்றுக் குறைக்க முடியாதா?" என்று கேட்டார். "சேர், அது ஆண்டவர் வைச்ச நரம்பு, நான் எப்பிடிக் குறைக்கிறது?" என்றேன். "உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டேன்" என்றார்.

கண்மணிக்கு ஸ்பானியச் சனங்கள் 'கண்ணின் சிறுமி' என்றும் சொல்வார்கள். நாங்கள் பாவை என்கிறோமே, அதே நினைப்பு. கடலுக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி கண்ணுக்குள் குந்தியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பட்டியலில் எழுதி அனுப்பினேன். "சிறுமி உடற்கூற்றில் இல்லை" என்று வெட்டிவிட்டார். அவருக்கு மிகப் பிடித்த சொல் ரெட்டினா, அதாவது விழித்திரை. ஆங்கிலத்திலும் ஆறெழுத்து, ஸ்பானிய மொழியிலும் அதே ஆறெழுத்து, ஒன்றும் மாறாது. "எவ்வளவு ஒழுக்கமான சொல்!" என்பார். மாறாத அந்தச் சொல்லை மாற்றியதாக நான் கையொப்பம் வைத்து அனுப்ப வேண்டும். சரிபார்க்க நாலு நாள் எடுப்பார்.

எல்லாம் முடிந்தபின் கடைசியாக டொக்டர் மெர்சேதெஸ் பார்ப்பார். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் ஓய்வுபெற்ற கண் சத்திரசிகிச்சை மருத்துவர். மாதிரிக் கண்ணில் சிட்டைகளை ஒட்டி, வீடியோவில் ஒவ்வொரு துண்டாகக் கழற்றிக் காட்ட வேண்டும். அவர் தலையாட்டினால் அந்தக் கண்ணைப் பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவேன். அதைப் பார்த்துத்தான் மற்றக் கண்கள் எல்லாம் செய்யப்படும்.

அந்த மாதிரிக் கண்ணால்தான் எல்லா வினையும். நல்ல தேங்காயளவு, பதினொரு துண்டு, நீல நிறக் கருவிழி. என் வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்து வாசலைப் பார்க்கும். வருகிறவர்கள், "அக்கா, அது என்னையே பாக்குது, சீலை ஒண்டு போடுங்கோவன்" என்பார்கள். கண் இருக்கும் வீடு என்று பெயர் பரவியது. இரண்டு மூன்று பேர் கண்ணாடி வாங்க வந்தார்கள். ஒரு கிழவர் தன் மாட்டைக் கொண்டுவந்தார், அதற்குக் கண்ணில் நீர் வடிகிறதாம். நான் சொல்லை மட்டும் பார்ப்பவள் என்று சொன்னேன். அவர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

இனி அந்த மார்கழி. லூசியம்மாள் கண் வருத்தங்களுக்குப் பாதுகாவலி. எங்கள் கரையோரத்தில் அவருக்கு ஒரு சிறு கோயில் உண்டு. கையில் தட்டு, தட்டில் இரண்டு கண். நேர்த்தி வைப்பவர்கள் சின்ன வெள்ளிக் கண்மலர் செய்து அவர் காலடியில் வைப்பார்கள். கால் நோவென்றால் அந்தோனியாரிடம் வெள்ளிக் கால், கண் என்றால் லூசியம்மாளிடம் வெள்ளிக் கண். அந்தக் கிழமை நவநாள் நடந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை நான் யாழ்ப்பாணம் போய்ப் பொழுதுபடும் நேரம் வந்தேன். அலுமாரிக்கு மேலே கண் இல்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு வீடியோ, டொக்டர் மெர்சேதெசும் நடராசா சேரும் இருப்பார்கள். பத்து மணிக்கு மீன் ஏற்றும் வான் வண்டியில் பெட்டி போக வேண்டும். பிந்தினால் அந்த வருடத்து ஏற்றுமதி போய்விடும், கம்பனிக்கு என்னைக் கழற்றிவிட அது போதும். கட்டிலுக்கு அடியில் தேடினேன். கோழிக்கூட்டுக்குள்ளும் தேடினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் வீட்டுக் கதவுக்குத் திறப்பு வைத்திருந்த மற்ற ஆள் அடுத்த வளவு ஞானம்மா. நான் இல்லாத நேரம் கோழிக்குத் தண்ணி வைப்பவள். விடிய ஐந்தரைக்கு வேலியால் கூப்பிட்டேன்.

"ஞானம்மா, என்ர கண்ணைக் கண்டனீரோ?"

அவள் முகம் கறுத்தது. சீலைத் தலைப்பை வாயில் வைத்தாள்.

"அக்கா, கோவியாதேங்கோ. நேத்து நான்தான் எடுத்தனான். லூசியம்மாளிட்டை வைச்சிருக்கிறன்."

"லூசியம்மாளிட்டையோ? உமக்கு என்ன விசரே?"

"நேர்த்தி அக்கா."

"ஆருக்கு?"

"அதை மட்டும் கேளாதேங்கோ. சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன்."

"அப்ப வெள்ளியில சின்னதா ஒரு கண் வைக்கிறதுதானே! ஏன் என்ர கண்?"

"தட்டாரிட்டைச் சொல்லிச் செய்ய நாலு நாள் ஆகும் அக்கா. அதுக்குள்ள..." என்று நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "அது நீலக் கண். பரவாயில்லையோ? நேர்த்திக்குப் பிறகு அவருக்கும் நீலமா வந்திடாதே?" என்றாள்.

அப்போதுதான் என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருந்தது. சிட்டைகளையும் கைபேசியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஞானம்மாவும் பின்னால் ஓடி வந்தாள்.

கோயிலில் காலைச் செபம் அப்போதுதான் முடிந்திருந்தது. முப்பது பேரளவில் இருந்தார்கள். லூசியம்மாளின் காலடியில், வெள்ளிக் கண்மலர்களுக்கு நடுவில், என் கண். கழுத்தில்லாத அதற்குச் செவ்வரத்தம்பூ மாலை வேறு. இரண்டு பக்கமும் மெழுகுதிரி. நான் கையை நீட்டினேன். கோயில் மூப்பர் சவிரிமுத்து குறுக்கே வந்தார்.

"பிள்ளை, வைச்ச நேர்த்தியை எடுக்க ஏலாது."

"மூப்பர், அது என்ர!"

"வைச்சாப் பிறகு அது அம்மாளின்ர. நேர்த்தி நிறைவேறட்டும், பிறகு எடுக்கலாம்."

"எப்ப நிறைவேறும்?"

"அது அம்மாளுக்குத்தானே தெரியும்" என்றார் அமைதியாக.

கைபேசி அடித்தது. திரையில் ஒரு பெட்டிக்குள் நடராசா சேர், இன்னொன்றில் டொக்டர் மெர்சேதெஸ். அங்கே அவருக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். நான் மூப்பரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில், "தொடலாம், கழற்றலாம், ஆனா இந்தப் பீடத்தை விட்டுப் போகக்கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார். கைபேசியை ஒரு மெழுகுதிரித் தண்டில் சாய்த்து வைத்தேன். மாலையைக் கழற்றிச் சிட்டைகளை ஒட்டினேன்.

"காலை வணக்கம். பின்னணியில் நெருப்பு உள்ளது" என்றார் நடராசா சேர்.

"அது திரி சேர். தொடங்குவம்" என்றேன். முன்துண்டைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, முறைப்படி உரத்துச் சொன்னேன். "கோர்னேயா."

பின்னாலிருந்து முப்பது குரல் ஒன்றாக எழுந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். பீடத்தடியில் ஒருத்தி எதையோ உயர்த்தி வேற்று மொழியில் ஒவ்வொரு பெயராகச் சொன்னால் எங்கள் சனத்துக்கு அது மன்றாட்டுமாலை. வேறு என்னவாக இருக்க முடியும்?

"ஈரிஸ்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

"கிறிஸ்தலீனோ." அதுதான் வில்லை. அதற்கு இரண்டு பேர் முழங்காலிட்டார்கள்.

"மிஸ் பிலோமினா, இந்தப் பதிலுரை பட்டியலில் இல்லை" என்றார் நடராசா சேர். டொக்டர் மெர்சேதெஸ் சாப்பாட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிச் சிலுவை போட்டார். பெருவிலும் நல்ல கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, நிறுத்த வழியில்லை.

கடைசியில் உள்ளே இருக்கும் சிவப்புக் கிண்ணம் போன்ற துண்டை எடுத்தேன். "ரெத்தினா" என்றேன். ஸ்பானிய வாயில் அப்படித்தான் வரும். இந்த முறை பதில் வருவதற்கு முன் வாசற்பக்கமிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"அக்கா, அது என்ன துண்டு? அதிலேயோ சீலை விழுகிறது?"

ஞானம்மாவின் புருசன் அருளப்பு. வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன், ஊரில் அவன் கண்தான் மீன் காட்டும் கண் என்று பேர். மனிசியைத் திட்டிக் கூட்டிப்போக வந்தவன், சாரத்தை மடித்துக் கட்டியபடி வாசலில் நின்றான்.

"என்ன சீலை?" என்று கேட்டேன்.

ஞானம்மா, "ஐயோ, நான் சொல்லேல்லை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை!" என்றாள்.

"எனக்குத்தான் அக்கா" என்றான் அவன். "இடது கண். திங்கள் கடலில நிக்கேக்க நெருப்புப்பொறி மாதிரி மின்னினது. பிறகு கரிப்பொட்டு மிதந்தது. செவ்வாய் தொடக்கம் கறுப்புச் சீலை ஒண்டு கீழையிருந்து ஏறுது. நோ இல்லை. சொன்னா வள்ளத்தால இறக்கிப்போடுவாங்கள், அதுதான் இவளை வாய் திறக்க விடேல்லை."

மின்னல், கரிப்பொட்டு, சீலை. இந்த மூன்றையும் நான் எத்தனை சாப்பாட்டுத் தட்டில் பார்த்திருக்கிறேன்! விழித்திரை கழன்று வருகிறது. ஞானம்மாவுக்கு ஊரில் ஒருவரிடமும் சொல்ல வழியில்லை. அதனால்தான் சொன்னாலும் வெளியே போகாத ஓர் ஆளைத் தேடிப் போயிருக்கிறாள். அவளைப் பார்த்து விசரோ என்று கேட்டேனே என்று நெஞ்சு சுட்டது.

கைபேசிக்குக் குனிந்து, அவன் சொன்னதை ஒன்று விடாமல் ஸ்பானிய மொழியில் சொன்னேன். அதுவரை ஆருடைய கண்ணிலும் இல்லாத சொற்களைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றுதான் முதன்முதலில் ஓர் ஆளின் கண்ணைப் பற்றிச் சொல்லவேண்டி வந்தது.

டொக்டர் மெர்சேதெசின் முகம் மாறியது. "வலக் கண்ணைப் பொத்தச் சொல். அந்தச் சிலை தெரிகிறதா என்று கேள்" என்றார். கேட்டேன்.

அருளப்பு பொத்திக்கொண்டு லூசியம்மாளைப் பார்த்தான். "முகம் தெரியுது. தட்டும் தெரியுது. காலடி தெரியேல்லை அக்கா."

மாற்றிச் சொன்னேன். "நடுப்பார்வை இன்னும் போகவில்லை. இன்றே போகவேண்டும். நாளைக்கு என்றால் முகமும் போய்விடும். படுக்க வைத்துக் கொண்டுபோ" என்றார்.

"நிகழ்ச்சிநிரலில்..." என்று தொடங்கினார் நடராசா சேர்.

"சேர், கொஞ்சம் வாயைப் பொத்துங்கோ!" என்றேன். இந்த ஒரு வசனத்துக்காகப் பிறகு எழுத்தில் மன்னிப்புக் கேட்டேன்.

இனிக் கதை முடிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று நினைப்பீர்கள். அருளப்பு அசையவில்லை. "இவள் அம்மாளுக்கு நேர்ந்திட்டாள். நேர்ந்துபோட்டு டொக்குத்தரிட்டை ஓடினா அம்மாளை நம்பேல்லை எண்டுதானே கருத்து? போறதெண்டா நேர்த்தி இருக்கவேணும். நீங்கள் அந்தக் கண்ணைத் தூக்கினா நான் வரமாட்டன்."

"மிஸ் பிலோமினா, மாதிரி பத்து மணிக்கு அனுப்பப்பட வேண்டும்" என்றார் நடராசா சேர். வாயைப் பொத்தி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நான் பீடத்தின் முன் நின்று கத்தினேன். லூசியம்மாள் மன்னிக்க வேண்டும். "உங்கள் எல்லாருக்கும் கண் இருக்குது, ஒருத்தருக்கும் தெரியேல்லை! நாசமாப்போன பிளாஸ்டிக் இங்கேயே கிடக்கட்டும், வேலையும் போகட்டும். அருளப்பு, நீர் வந்து வானில ஏறும்!"

அப்போது மூப்பர் தொண்டையைச் செருமினார். "பிள்ளை, ஒண்டு கேக்கிறன். மனுசனுக்கு வருத்தம் கண் முழுக்கவோ, ஒரு துண்டிலயோ?"

"ஒரு துண்டில. இந்தச் சிவப்பில."

"கால் நோவுக்கு ஆரும் அந்தோனியாரிட்டை முழு மனுசனைச் செய்து வைக்கிறேல்லை. காலைத்தான் வைக்கிறது. அப்ப இதுக்கும் அந்தத் துண்டு காணும்."

ஞானம்மா அருளப்புவைப் பார்த்தாள். அருளப்பு மூப்பரைப் பார்த்தான். "அது சரிதான்" என்றான். என் வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமான தீர்ப்பை எந்த மருத்துவரிடமும் கேட்டதில்லை. சிவப்புத் துண்டை லூசியம்மாளின் காலடியில் சிட்டை வெளியே தெரியும்படி வைத்தேன். மற்றப் பத்துத் துண்டையும் மடியில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மீன் வானைப் பத்து மணிவரை காத்திருக்க விடவில்லை, ஏழு மணிக்கே எடுப்பித்தேன். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அருளப்புவை நீட்டிப் படுக்கவைத்து, பக்கத்தில் கண் பெட்டியையும் வைத்தோம். தீவுப் பாலத்தால் வான் துள்ளித் துள்ளிப் போகும்போது டொக்டர் மெர்சேதெஸ் எழுதி அனுப்பியதை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதினேன். அன்று ஒரு சொல்லிலும் எழுத்தை எண்ணவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் ஓர் இளம் மருத்துவர் அதைப் படித்தார், வேறு கேள்வி கேட்காமல் உள்ளே கூட்டிப்போனார். அன்றே கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுநாள் சத்திரசிகிச்சை. பிறகு இரண்டு கிழமை குப்புறப் படுக்க வேண்டும் என்று கட்டளை. அருளப்பு குப்புறக் கிடந்தபடியே நிலத்தைப் பார்த்து மருமகனுக்கு வலை போடும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெட்டி கொழும்பு போய்ச் சேர்ந்த அன்று, ஒன்பது பத்துக்கு அழைப்பு. "காலை வணக்கம் மிஸ் பிலோமினா. பத்துத் துண்டுகள் உள்ளன. விழித்திரை எங்கே?"

"லூசியம்மாளிட்டை சேர்."

"பதிவேட்டில் 'நிலுவையில்' என்று எழுதியிருக்கிறேன்" என்றார். பழைய அச்சில் ஒரு விழித்திரை வார்த்து ஏற்றுமதியை எப்படியோ ஒப்பேற்றிவிட்டார்கள், என் வேலையும் தப்பியது. ஆனால் அவர் விடவில்லை. தை, மாசி, பங்குனி, ஒவ்வொரு காலையும் வணக்கத்துக்கு அடுத்த வசனம், "விழித்திரை வந்ததா?" இன்னும் நேர்த்தி நிறைவேறவில்லை என்பேன். குறித்துக்கொள்வார். பிறகு மெதுவாகக் கேள்வியில் ஒரு வால் முளைத்தது. "விழித்திரை வந்ததா? அந்த மனிதருக்கு எப்படி?" எண்ணெய் வழியே பார்ப்பதுபோல் தெரிகிறது என்பேன். அதையும் குறித்துக்கொள்வார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை ஞானம்மா என்னைக் கோயிலுக்கு இழுத்துப்போனாள். அருளப்பு பீடத்துக்கு முன் நின்றான். வலக் கண்ணை உள்ளங்கையால் பொத்தினான். ஆங்கில எழுத்து அவனுக்கு வாசிக்கத் தெரியாது. தலையைச் சாய்த்து லூசியம்மாளின் காலடியையே பார்த்தான். சிவப்புத் துண்டில் என் சிட்டை இருந்தது. விரலை மடக்கி மடக்கி எண்ணத் தொடங்கினான். ஒன்று, இரண்டு, நாலாவதில் நின்று மூச்சு விட்டான். ஞானம்மா என் கையை நகம் பதிய இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஆறு" என்றான். "ஆறெழுத்து அக்கா. சரியோ?"

தலையை ஆட்டினேன். மூப்பர் வந்து, "நேர்த்தி முடிஞ்சுது. இனி நீர் துண்டை எடுக்கலாம் பிள்ளை" என்றார்.

மறுநாள் ஒன்பது பத்துக்கு அவர் கேட்பதற்கு முன் நான் முந்திக்கொண்டேன். "சேர், விழித்திரை இனி வரலாம். நாளைக்கு அனுப்பட்டோ?"

"அந்த மனிதருக்கு?"

"காலடி தெரியுது சேர். கண்ணைப் பொத்திக்கொண்டு என்ர சிட்டையில எழுத்து எண்ணினவர்."

அந்தப் பக்கம் பேனை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"எத்தனை எழுத்து எண்ணினார்?"

"ஆறு."

"சரியாக ஆறா?"

"சரியா ஆறு சேர்."

நடராசா சேர் எழுதுகிறார் என்று நினைத்தேன். எழுதும் சத்தம் வரவில்லை.

"அப்படியானால் அது அங்கேயே இருக்கட்டும்" என்றார் கடைசியில். "எனக்கு ஆட்சேபணையில்லை."